தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு வைத்தியம்

எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது தீப்பெட்டியா, துணியா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரித் தொழிலதிபர் 1956-இல் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித் தொடங்கி வைத்த முறை இது.

கணிப்பொறித் துறை இந்த எண்ணத்தைக் கடன் வாங்கிக் கொண்டது. 2013-இல் சாலமன் ஹைக்ஸ் வெளியிட்ட ‘டாக்கர்’, ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டியது. (விதை பழையது. நிரலைத் தனி அறையில் அடைக்கும் ‘சிரூட்’ என்ற ஆணை 1979-ஆம் ஆண்டின் யூனிக்ஸிலேயே உண்டு.) “என் கணிப்பொறியில் சரியாகத்தானே ஓடியது!” என்ற பழைய சாக்குக்கு இனி இடமில்லை என்று பலரும் நம்பினர்.

பெரிய கணிப்பொறி நிலையங்களில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தது. ஆலைகளிலும் காற்றாலைகளிலும் வேலை நடக்கும் இடத்திலேயே வைக்கப்படும் சிறு கணிப்பொறிகளுக்குப் பெட்டிகளை அனுப்பியபோதுதான் தொல்லை தொடங்கியது. இவற்றை ‘எட்ஜ்’ கருவிகள் என்கிறார்கள். பழுது பார்ப்பவரோ நூறு மைலுக்கு அப்பால் இருப்பார்.

பெட்டி எல்லாவற்றையும் சுமந்து செல்வதில்லை. செயலியும் நினைவகமும் கடிகாரமும் வெளியே இருப்பவை. இன்டெல் செயலிக்காகக் கட்டிய பெட்டி, ஆர்ம் செயலியுள்ள கருவியில் பொதுவாகத் தொடங்கவே தொடங்காது. நினைவகம் போதாமல் போனால் இயக்க அமைப்பே நிரலைக் கொன்றுவிடும். அப்போது 137 என்ற எண் மிஞ்சும். 128-உடன் ‘கொல்’ என்னும் குறிப்பின் எண்ணாகிய 9-ஐக் கூட்டினால் வருவது அது. என் கருத்தில், எளிதில் சந்தேகத்துக்கு உள்ளாகாதது கடிகாரம்தான். பல சிறு கருவிகளில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் அவை பழைய தேதியிலேயே விழித்தெழும். பாதுகாப்புச் சான்றிதழோ “நான் இன்னும் பிறக்கவில்லை” என்று இணைப்பை மறுக்கும். நிரலில் எத்தனை நாள் தேடினாலும் பிழை அகப்படாது. இதனிடையே பழைய பெட்டியை நீக்கிப் புதியதை வைத்துவிட்டாலோ, அதனுள் எழுதப்பட்ட குறிப்புகளும் அதனோடு போய்விடும்!

குறிப்புகளின் அருமை டாக்கருக்கு 16 ஆண்டுகள் முன்பே செவ்வாயில் தெரிந்தது. 1997 ஜூலை 4-இல் அங்கு இறங்கிய ‘பாத்ஃபைண்டர்’ கலத்தின் கணிப்பொறி அடிக்கடி தானாகவே மறுபடி தொடங்கியது. வானிலைத் தகவல் திரட்டும் சாதாரண வேலை ஒரு பூட்டைத் தன்னிடம் வைத்திருந்தது. அந்தப் பூட்டுக்காக மிக அவசர வேலை காத்து நின்றது. இடையில் ஒரு நடுத்தர வேலை புகுந்து, சாதாரண வேலையை முடிக்க விடாமல் தடுத்தது. அவசர வேலை முடியாததைக் கண்ட காவல் கடிகாரம் எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கியது. நிகழ்வுகளைப் பதிவு செய்யும் பகுதியைச் சோதனை முடிந்ததும் நீக்காமல் விட்டிருந்தார்கள். அதைக் கொண்டு பூமியிலிருந்த அச்சு அசலான நகலில் பிழையை வரவழைத்துக் கண்டுபிடித்து, திருத்தத்தை வானொலி அலை வழியே அனுப்பினர்.

நம் நாட்டில் நடந்தது இன்னும் கடினமானது. திருத்தம் அனுப்பக் கருவியே மிஞ்சவில்லை. 2022 ஆகஸ்ட் 7-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் உருவாக்கிய ‘ஆசாதிசாட்’டும் அதில் இருந்தது. 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனையில் 76 கிலோமீட்டருக்கு இறங்கும் நீள்வட்டத்தில் கோள்கள் விடப்பட்டன. அந்த உயரத்தில் காற்றின் இழுப்புக்கு எந்தக் கோளும் தாங்காது.

ராக்கெட் அனுப்பிய அளவீடுகள் மட்டுமே கையில் இருந்தன. அவற்றிலிருந்து இஸ்ரோ காரணத்தைப் பிரித்தெடுத்தது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு, முடுக்கமானிகளின் அளவெல்லையைக் கணநேரம் தாண்டியது. உணரிகள் கெட்டுவிட்டன என்று நிரல் முடிவு கட்டி, அவற்றை நம்பாத மாற்று வழிக்குத் தாவிவிட்டது. வோல்ட்மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றால், கருவி பழுது என்றா மாணவர்கள் எழுதுகிறார்கள்? உணரிகள் நன்றாகவே இருந்தன.

அதிர்வு குறைவான பிரிப்பு முறை அமைத்தார்கள். பழுது என்று தீர்மானிக்குமுன் கூடுதல் நேரம் பொறுத்துப் பார்க்கும்படி நிரலையும் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10-இல் இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி., மாணவிகளின் ‘ஆசாதிசாட்-2’ உள்பட மூன்று கோள்களை 450 கிலோமீட்டர் உயரத்தில் சேர்த்தது.