கையில் தீக்குச்சி.. வெளியே ஓநாய்! 'தி லாங் டார்க்' கேமில் தாக்குப்பிடிப்பது எப்படி? ஏரல் வெள்ளத்தில் பார்த்த அதே கணக்கு!

தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் மார்கழி மாதத்தில்கூட ஃபேன் போடாமல் தூங்குபவர்கள் குறைவு. ஸ்வெட்டர் என்பது ஊட்டி டூர் போகும்போது பரணில் இருந்து இறக்கும் பொருள். அந்த ஊர்ப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பூஜ்யத்துக்கும் கீழே 30 டிகிரி குளிரில், பனிப்புயலுக்கு நடுவே ஒரு குகையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தால், அவன் விளையாடுவது அநேகமாக 'தி லாங் டார்க்' ஆகத்தான் இருக்கும்.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போல சுட்டுத்தள்ளி ஜெயிக்கும் கேம் இல்லை இது. ஜோம்பியும் கிடையாது. இதில் எதிரி குளிர். எத்தனை நாள் உயிரோடு இருக்கிறோம் என்பதுதான் ஸ்கோர். இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது, எப்போது நகர்வது என்று விரிவாகப் பார்க்கலாம்.

கதை என்ன?

கனடாவைச் சேர்ந்த ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ உருவாக்கிய கேம் இது. நிறுவனர் ராஃபேல் வான் லீரோப். 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் பணம் திரட்டி, 2014 செப்டம்பரில் ஸ்டீம் தளத்தில் முன்னோட்ட வடிவம் வந்தது. முழு கேம் 2017 ஆகஸ்ட் 1-ல் வெளியானது.

கனடாவின் வடக்கே 'கிரேட் பேர்' என்ற கற்பனைத் தீவு. பூமியைத் தாக்கிய காந்தப்புயலால் மின்சாரம், போன், வண்டி எல்லாமே செத்துவிடுகின்றன. விமானம் விழுந்து அங்கே மாட்டிக்கொள்ளும் ஆள்தான் நாம். கேட்க சினிமா மாதிரி இருக்கும். ஆனால் 1989 மார்ச்சில் சூரியனில் இருந்து கிளம்பிய காந்தப்புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே சுமார் 9 மணி நேரம் இருட்டாக்கியது நிஜம். சுமார் 60 லட்சம் பேருக்கு கரண்ட் இல்லை.

கேமில் கதைப் பகுதி தனி, 'சர்வைவல்' பகுதி தனி. பெரும்பாலானோர் விழுந்து கிடப்பது இரண்டாவதில்தான். அதில் ஒரு தடவை செத்தால் சேவ் ஃபைலும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதுதான் வழக்கமான விதி. 200 நாள் தாக்குப்பிடித்தவர்கூட மறுபடி முதல் நாளில் இருந்து ஆரம்பிக்க நேரிடலாம். ஒவ்வொரு முடிவுக்கும் இவ்வளவு பயம் வருவது இதனால்தான்.

முதலில் கொல்வது எது?

உடல் சூடு, களைப்பு, தாகம், பசி என நான்கு அளவுகளை கேம் காட்டும். புதிதாக விளையாடுபவர்கள் செய்யும் முதல் தப்பு, சாப்பாட்டைத் தேடி ஓடுவது. பசி மெதுவாகத்தான் ஆளைத் தின்னும், அதற்கு நாட்கள் ஆகும். தாகம் அதைவிட வேகம். குளிரோ சில மணி நேரத்தில் கதையை முடித்துவிடும். அதனால் வரிசை இதுதான்: முதலில் காற்று படாத இடம், அடுத்து நெருப்பு, அடுத்து தண்ணீர், கடைசியில் சாப்பாடு.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் காற்று. கேமில் வெப்பநிலையோடு காற்றின் குளிர்ச்சியும் சேர்த்துக் கணக்கிடப்படும். ஒரு பாறை மறைவில் ஒதுங்கினாலே பல டிகிரி வித்தியாசம் தெரியும். பாதி வழியில் நின்றுபோன காருக்குள் ஏறி உட்கார்ந்தால்கூட காற்று படாது. நெருப்பு மூட்டும்போது காற்று திசை மாறினால், கஷ்டப்பட்டு மூட்டிய தீ அணைந்து ஒரு தீக்குச்சி வீண். வீட்டுக்குள்ளோ குகையின் உள்பக்கமோ மூட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

தீக்குச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகவே சொல்லணும். கஷ்டமான லெவல்களில் தீவு முழுக்கத் தேடினாலும் கிடைப்பது கொஞ்சம்தான். அனுபவசாலிகள் ஒவ்வொரு குச்சியையும் எண்ணித்தான் செலவு செய்வார்கள். அவர்கள் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. எரிகிற அடுப்பில் இருந்து ஒரு தீப்பந்தத்தை உருவிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடப்பது. அங்கே போய் அதே பந்தத்தால் அடுத்த நெருப்பு. குச்சி மிச்சம், கூடவே ஓநாயும் கிட்ட வராது. பூதக்கண்ணாடி கிடைத்துவிட்டால் இன்னும் லாபம், வெயில் அடிக்கும் நேரத்தில் ஒரு குச்சிகூட செலவில்லாமல் தீ மூட்டலாம்.

பையில் எதை வைப்பது? 30 கிலோ கணக்கு

ஒரு ஆள் சிரமம் இல்லாமல் தூக்கக்கூடிய எடை 30 கிலோ. அதைத் தாண்டினால் நடை தளரும், களைப்பு கூடும், சரிவில் கால் பிசகும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதால் இந்த 30 கிலோ கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளிப் போடும் பழக்கம் இங்கே ஆளைக் காலி பண்ணும்.

துப்பாக்கியா, வில்லா? விளையாடுபவர்கள் மத்தியில் ஓயாத பஞ்சாயத்து இது. துப்பாக்கி கரடியையும் சமாளிக்கும், ஆனால் அதுவே சுமார் 4 கிலோ. தோட்டா தீர்ந்தால் மறுபடி கிடைப்பது பெரும்பாடு. வில் எடை குறைவு, அம்பைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம், மரக்கிளையில் புதிதாகவும் செய்யலாம். நீண்ட நாள் திட்டம் என்றால் வில்தான் சரி. 'இன்டர்லோப்பர்' எனும் கடின லெவலில் துப்பாக்கியே கிடைக்காது என்பதால் அங்கே பஞ்சாயத்துக்கும் வேலை இல்லை. கத்தி, கோடரி, அம்பு முனை எல்லாவற்றையும் உலைக்களத்தில் நாமே அடித்துச் செய்யணும். அதற்கு கனமான சுத்தியலைத் தேடி அலைவதே முதல் சில நாட்களின் வேலை.

உடையில் விதி எளிது. தடிமனான ஒன்றைவிட அடுக்கடுக்காகப் போட்ட பல உடைகள் மேல். உள்ளே கம்பளி, வெளியே காற்றும் ஈரமும் புகாதது. கடையில் கிடைக்கும் ஜாக்கெட் நாளாக ஆகக் கிழியும், தைக்கத் துணி வேணும். அதனால் ஒரு கட்டத்தில் எல்லோருமே தோலுக்கு மாறிவிடுவார்கள். முயல் தோலில் கையுறை, மான் தோலில் பூட்ஸும் பேண்ட்டும், ஓநாய்த் தோலில் கோட். கரடித்தோல் கோட் சூட்டில் ராஜா, எடையிலும் ராஜா. அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுவது வேண்டாத வேலை. ஏறு பாதைக்கு ஓநாய்க் கோட், பொழுது முழுக்க வெளியே நிற்கும் வேலைக்குக் கரடிக் கோட் என்று பிரித்துக்கொண்டால் நிம்மதி. மூஸ் எனும் பெரிய மான் இனத்தின் தோலில் பை தைத்தால் கூடுதலாக 5 கிலோ தூக்கலாம். ஆனால் அந்த மூஸ் மிதித்தால் விலா எலும்பு போய்விடும், ஜாக்கிரதை.

சாப்பாட்டில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. உறைந்த குளத்தோரம் நிற்கும் ஒரு கோரை இந்த கேமின் ரகசிய ஆயுதம். அதன் தண்டு கெடவே கெடாது, வயிற்றுக்கும் ஒன்றும் செய்யாது. அதன் பஞ்சு நெருப்பு மூட்ட உதவும். இது வேறொன்றும் இல்லை, தாமிரபரணிப் பாசனக் குளங்களில் மண்டிக் கிடக்கும் சம்பு இனம்தான். நம்மூரில் தொல்லை என்று வெட்டிப் போடுவதை அங்கே தேடித் தேடிப் பறிக்கிறார்கள்.

கடைசியாக ஓநாய். பச்சை இறைச்சி கையில் இருந்தால் வாசனைக்கே தேடி வரும். ஓடினால் துரத்தும். எதிரே பார்த்தபடி மெதுவாகப் பின்வாங்கி, இறைச்சித் துண்டு ஒன்றைக் கீழே போட்டுவிட்டு நழுவுவதுதான் புத்திசாலித்தனம்.

ஏரல் இங்கே எங்கே வருது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்தப் பக்கத்து மக்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலை அடித்துச் செல்லப்பட்டது. கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, வெளியே போக ரோடு இல்லை. மொட்டை மாடியில் இரவைக் கழித்தவர்களுக்கு மேலிருந்து ஹெலிகாப்டர் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. காந்தப்புயல் இல்லாமலேயே ஒரு ஊர் தீவாகிவிட்டது.

அங்கே பனி இல்லையே, குளிரால் என்ன ஆபத்து என்று தோன்றலாம். விஷயம் ஈரத்தில் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது 'ஹைப்போதெர்மியா'. இதற்குப் பனிக்கட்டி தேவையில்லை. நனைந்த துணியோடு, காற்றில், பல மணி நேரம் உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் நம்ம ஊரிலேயே அது வரலாம். நடுக்கம் இருக்கும் வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கக் கலக்கமாக இருந்தால் உடனே கவனிக்கணும். ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த போர்வை சுற்றி, காற்று படாத இடத்துக்கு மாற்றி, மருத்துவ உதவிக்கு முயற்சிப்பது அவசியம். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடான பானம் கொடுக்கலாம். 'குளிருக்கு ஒரு பெக்' என்பது தப்பான வைத்தியம். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்த நாளங்களை விரித்துவிடும். சூடானது போலத் தோன்றும், உண்மையில் உள்சூடு வெளியேறும்.

போவதா, இருப்பதா என்ற கேள்வியும் அதேதான். அந்த இரவில் திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தன. சுமார் 300 பேர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றப்பட, மற்றவர்கள் ரயிலோடு மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து கிராம மக்கள் தங்கள் வீட்டு அரிசியில் சமைத்துப் போட்டார்கள். இரண்டு நாள் அவதிதான், ஆனால் ரயில் அங்கே நின்றதால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பனிப்புயலில் கிளம்பாதே, கையில் இருப்பதை வைத்து ஓட்டு என்பது கேமில் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும் பாடம். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு டம்ளர் இல்லாத நிலையும் அங்கே உண்டு. பனியை உருக்கி, கொதிக்க வைத்துத்தான் குடிக்க முடியும். வெள்ளத் தண்ணீருக்கும் அதே கொதிதான்.

நிஜக் குளிரில் இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்பதற்கு சியாச்சின் சாட்சி. 2016 பிப்ரவரி 3-ல் நடந்த பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் உயிரிழந்தார். அங்கே சேவ் ஃபைல் எல்லாம் கிடையாது.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எந்த லெவல் எடுக்கலாம்?

'பில்கிரிம்' லெவலில் விலங்குகள் நம்மைக் கண்டு ஒதுங்கும். ஊர் சுற்றிப் பார்க்க நல்லது, ஆனால் பதற்றம் இருக்காது. 'வாயேஜர்' நடுத்தரம், பெரும்பாலானோருக்கு இதுவே போதும். 'ஸ்டாக்கர்' விலங்குத் தொல்லை அதிகம். 'இன்டர்லோப்பர்' பக்கம் தீவின் வரைபடம் மனப்பாடம் ஆன பிறகு போகலாம்.

வீட்டுக்குள்ளேயே பதுங்கி நாளை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டால் கேம் விடாது. தொடர்ந்து உள்ளேயே இருந்தால் 'கேபின் ஃபீவர்' வந்து கூரைக்குக் கீழே தூங்கவே முடியாது. லாக்டவுன் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதேபோல, பகல் முழுக்கப் பட்டினி கிடந்து தூங்கும் முன் மட்டும் சாப்பிடும் குறுக்கு வழி ஒரு காலத்தில் பிரபலம். மூன்று நாள் பசியில்லாமல் இருந்தால் கூடுதலாக 5 கிலோ தூக்கும் பலம் என்ற சலுகையைக் கொண்டுவந்து ஹின்டர்லேண்ட் அந்தப் பழக்கத்தின் கவர்ச்சியைக் குறைத்துவிட்டது.

கம்ப்யூட்டர், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நின்டென்டோ ஸ்விட்ச் ஆகியவற்றில் விளையாடலாம். செல்போனுக்கு இந்த கேம் வரவில்லை. ப்ளே ஸ்டோரில் இதே பெயரில் ஏதாவது கண்ணில் பட்டால் டவுன்லோடு பண்ணாமல் தள்ளிப் போவது நல்லது. ஸ்டீமில் அடிக்கடி தள்ளுபடி விற்பனை நடக்கும், அதுவரை காத்திருந்தால் விலை நன்றாகவே குறையும். இதன் இரண்டாம் பாகமாக 'பிளாக்ஃப்ராஸ்ட்' என்ற கேமை 2024 டிசம்பரில் ஹின்டர்லேண்ட் அறிவித்தது. அதில் நண்பர்களோடு சேர்ந்தும் விளையாடலாம்.