எட்டயபுரத்து வேடங்கள் இரண்டு

எட்டயபுரம் அரண்மனையோடு ஒட்டிய இரண்டு பேர் தமிழ்த் திரையில் பெரிய வேடங்களானார்கள். 1799-இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினிக்குத் துணைபோன எட்டப்பன் ஒருவர். அதே சமஸ்தானத்தில் ‘பாரதி’ பட்டம் பெற்ற சுப்பிரமணியன் இன்னொருவர். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் வந்தது, ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961-இல். இரண்டையும் இயக்கியவர் பி.ஆர்.பந்துலு, இரண்டிலும் நாயகன் சிவாஜி. எட்டயபுரத்தாராக வந்த குணச்சித்திர நடிகர்களைத்தான் நான் தேடினேன்.

இந்தத் தேடலுக்குப் பாட்டுப் புத்தகத்தைப் போல உதவும் ஆவணம் வேறில்லை. தொட்டால் ஒடியும் பழுப்புத் தாள். கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லும். நடிகர் பட்டியலில் இனிஷியல்தான் துப்பு, ஆனால் அதுவே குழப்பவும் செய்யும். அந்தக் காலத்தில் எஸ்.வி. மூவர்: ரங்காராவ், சகஸ்ரநாமம், சுப்பையா. பாஞ்சாலி சபதத்தை மேடையேற்றியவர் சகஸ்ரநாமம் என்பதால், பாரதி வேடத்தையும் அவர் கணக்கில் எழுதிவிட இடமுண்டு. படத்தையே போட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். தலைப்பாகையோடு பாரதியாக வருபவர் செங்கோட்டை சுப்பையா.

இந்தச் சுப்பையாதான் ஜெயகாந்தன் கதையை 1969-இல் ‘காவல் தெய்வம்’ என்று சொந்தமாகத் தயாரித்தவர். 1973-இல் ‘அரங்கேற்ற’த்தில் வறுமையில் உழலும் புரோகிதராக வந்தவர். பாரதியின் கனலுக்கும் அந்தப் புரோகிதரின் இயலாமைக்கும் எவ்வளவு தூரம்! ஒரே உடம்பு இரண்டையும் தாங்கியது.

எட்டப்பனாக வந்தவர் விருதுநகர் வி.கே.ராமசாமி. அவர் திரைக்கு வந்த வழியைப் பின்தொடர்ந்தபோது கிடைத்தது எனக்குப் பெரிய புதையல். முதல் படம் 1947-இல் ஏவி.எம். எடுத்த ‘நாம் இருவர்’. இருபத்தொரு வயதில் கிழவர் வேடம். அந்தப் படத்தை ஊரெங்கும் கொண்டுபோனவை டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள். எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் எட்டப்பனானவர் திரைக்குள் நுழைந்தது பாரதியின் பாட்டு ஒலித்த வாசல் வழியே.

அடுத்து எடுத்திருப்பது சி.ஆர்.பார்த்திபனின் பெயரை. கட்டபொம்மன் வசனத்தைப் பிள்ளைகள் இன்றும் பள்ளி மேடையில் முழங்குகிறார்கள். எதிரே ஜாக்சன் துரையாக உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்ட தமிழர் அவர். 2021-இல்தான் காலமானார்.