மொலொக்காய் தீவில் தொழுநோயாளர் தொண்டு: தமியானுக்கு முன்னும் பின்னும்

ஹவாயின் மொலொக்காய் தீவில் தொழுநோயாளருக்கு நடந்த தொண்டின் வரலாற்றை, பெல்ஜியத்தைச் சேர்ந்த அருள்தந்தை தமியானின் வருகையிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அவர் வந்த 1873ஆம் ஆண்டுக்கு முன்பே அங்கே தொண்டு வேரூன்றியிருந்தது. மூன்று கட்டங்களாக அது வளர்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உறவினர் தொண்டு

தொழுநோயாளரைப் பிரித்துவைக்கும் சட்டத்தில் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா 1865இல் ஒப்பமிட்டார். அதன்படி 1866 ஜனவரி 6 அன்று 9 ஆண்களும் 3 பெண்களும் தீவின் வடகரையில் இறக்கிவிடப்பட்டனர். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. அவர்களே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசு கணக்குப் போட்டது. விரல்களை இழந்தவர்களால் மண்வெட்டி பிடிக்க முடியாது என்பதை அந்தக் கணக்கு மறந்தது.

அங்கே கைகொடுத்தவர்கள் 'கோக்குவா' எனப்பட்ட உதவியாளர்கள். நோயுற்ற கணவனோடு மனைவியும், மனைவியோடு கணவனும் தாமாகவே உடன்வந்து, தண்ணீர் சுமந்தார்கள், சமைத்தார்கள், புண்களைக் கழுவிக் கட்டினார்கள். மோர்மன் சபைத் தலைவர்களுள் ஒருவரான ஜொனத்தன் நபேலா 1873இல் மனைவி கிட்டியுடன் வந்தார். நோய் தொற்றி 1879இல் இறந்தார். நோயாளரும் சும்மா இருக்கவில்லை. அவர்களுள் 35 புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் 1866இலேயே சிலோவாமா என்ற திருச்சபையை நிறுவினார்கள்.

அருள்தந்தையின் தொண்டு

ஹவாயின் கத்தோலிக்க ஆயர் மெக்ரே கேட்டபோது நான்கு குருக்கள் மொலொக்காய்க்கு முறைவைத்துச் செல்ல முன்வந்தனர். முதலில் போன தமியான் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு 33 வயது. நோயாளரைச் சேர்த்துக்கொண்டு வீடுகள் கட்டினார், குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார், சவப்பெட்டி செய்தார், கல்லறை தோண்டினார். உறவினர் தம் வீட்டாருக்குச் செய்த பணிவிடை இவரால் ஆதரவற்றோருக்கும் கிடைத்தது. அவரும் நோயுற்று 1889 ஏப்ரல் 15இல் இறந்தார்.

அமைப்பான செவிலியம்

மூன்றாம் கட்டத்தில் தொண்டு ஒழுங்கமைப்பு பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற ஜோசப் டட்டன், குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர். 1886இல் வந்த அவர் ஏறத்தாழ எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்து, சிறுவர் இல்லத்தை நடத்தினார். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸிலிருந்து 1883இல் ஹவாய் வந்த பிரான்சிஸ்கன் சகோதரி மரியான் கோப், 1888இல் மொலொக்காய் சேர்ந்து பெண்களுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றார். கை கழுவுவதில் அவர் கண்டிப்பானவர். அவருடன் பணிபுரிந்த சகோதரிகள் யாருக்கும் நோய் தொற்றவில்லை. தொண்டுக்கு மனம் மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்பதை இது காட்டியது.

முடிவுரை

1940களில் தொழுநோய்க்குச் சல்போன் மருந்துகள் வந்தன; 1969இல் கட்டாயத் தனிமை முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் ஹவாயின் மண்ணின் மக்கள். கத்தோலிக்கத் திருச்சபை தமியானை 2009இலும் மரியானை 2012இலும் புனிதராக அறிவித்தது. அந்தப் பெருமைக்கு அவர்கள் முற்றிலும் உரியவர்கள். ஆயினும் அவர்கள் கட்டியெழுப்பிய தொண்டுக்கு அடித்தளம் இட்டவர்கள் கோக்குவாக்களும் நோயாளருமே. அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் மொலொக்காய் வரலாறு குறையுள்ளதாகவே இருக்கும்.