கொலாஜ் என்றால் என்ன? தாத்தா பாட்டியின் பழைய படத்தைக் கத்தரிக்கலாமா?

காகிதம், புகைப்படம், துணி போன்றவற்றைக் கத்தரித்து ஒரே பரப்பில் ஒட்டி உருவாக்குவதுதான் கொலாஜ். தமிழில் ஒட்டுச்சித்திரம் என்கிறோம். அதோடு வண்ணம், எழுத்து, அச்சு எல்லாம் சேர்ந்தால் அது கலப்பு ஊடகப் படைப்பு. 1912இல் பிக்காசோவும் பிராக்கும் இதை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

மலேசியாவில் யார் செய்தது?

முக்கியமான பெயர் ரெட்சா பியதாசா (1939–2007). குவந்தானில் பிறந்த ஓவியர். மாரா தொழில்நுட்பக் கழகத்தில் கற்பித்தவர். 1980களில் அவர் தொடங்கிய 'மலேசியத் தொடர்' படைப்புகளில் மலாய், சீன, இந்திய, பாபா குடும்பங்களின் பழைய ஸ்டுடியோ படங்கள் இருக்கும். அவற்றைப் பிரதியெடுத்து, வண்ணமும் வடிவங்களும் சேர்த்தார். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு குடும்பம், நாட்டின் வரலாறாக மாறியது.

பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் (1941–2016) வேறு வழியில் போனார். நாளிதழ்ப் படங்களைக் கொண்டு போரையும் சுற்றுச்சூழல் சீரழிவையும் பேசினார்.

சரி, சுங்கை சிப்புட்டுக்கு இதில் என்ன?

1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரநிலை. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்குப் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. இன்று உங்கள் பையில் இருக்கும் ஐசியின் தொடக்கம் அதுதான்.

பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயங்களும் போய்விட்டன. எஞ்சியிருப்பது டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு, கல்யாணப் படம். வகுப்பில் கொலாஜ் செய்ய இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அப்போ அசலையே ஒட்டிவிடலாமா?

வேண்டாம். இங்கேயே பிறந்தும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு வாழ்ந்த தோட்டத்து மக்கள் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு பழைய தாளே ஆதாரமாகலாம். வெட்டினால் திரும்ப வராது.

செய்ய வேண்டியது இதுதான்:

• அசலை ஸ்கேன் செய்யுங்கள். பிரதியை மட்டும் கத்தரியுங்கள்.
• ஐசி எண், முகவரி தெரியும் பகுதியை மறைத்துவிடுங்கள்.
• நாளிதழ்த் தாளில் லிக்னின் இருப்பதால் வெயிலில் மஞ்சளாகும். அமிலமற்ற தாளில் பிரதியெடுங்கள்.
• செல்லோடேப் வேண்டாம். நாளடைவில் கறை படியும். மெல்லிய பூச்சாக வெள்ளைப் பசை போதும்.
• படத்தில் இருப்பவர்களின் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பாட்டியிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.

கொலாஜை அடுத்த வாரம்கூட ஒட்டலாம். பெயர் தெரிந்தவர் இருக்கும்போதுதான் பெயரைக் கேட்க முடியும்.