ஊருக்கு ஒரு சம்பளம்

காளிகாட் வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போன் போட்டால் அம்மாவின் முதல் கேள்வி "சாப்ட்டியா?". இரண்டாவது, "அந்த ஊர்ல சம்பளம் கட்டுப்படியாறதாடா?". பி.காம். படித்து இருபது வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டியும் இதற்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. எங்கள் துறையே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய கதை ஒன்று உண்டு. அது ஆரம்பிப்பதும் இந்த ஊரில்தான்.

1946 ஏப்ரலில் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் கல்கத்தாவில் பிறந்தது. அன்றைக்கு பேங்க்குக்கு பேங்க் சம்பளம் வேறு. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. 1950-ல் சென் அவார்டு வந்தது, 1951-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. அடுத்து வந்தவர் நம்மூர்க்காரர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற பஞ்சாபகேச சாஸ்திரி. 1953-ல் வந்த சாஸ்திரி அவார்டின் பெயரை இன்றும் பேங்க்கில் கேட்கலாம்.

அந்த அவார்டு ஊர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தது. கல்கத்தா, பம்பாய் எல்லாம் முதல் வகுப்பு. சின்ன ஊர் கடைசி வகுப்பு. ஒரே லெட்ஜர், ஒரே வேலை, ஆனால் சம்பளம் வேறு. சின்ன ஊரில் வாடகை குறைவு, காய்கறி மலிவு என்பது நியாயம். ஆனால் பிள்ளையை காலேஜில் சேர்க்க அந்தச் சின்ன ஊர் குமாஸ்தா பெரிய ஊருக்குத்தானே பணம் அனுப்ப வேண்டும்? சோப்பும் மருந்தும் அவருக்கு மட்டும் மலிவா என்ன?

மேல்முறையீட்டில் ஊழியர்களுக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. 1954-ல் மத்திய அரசு அதில் கை வைத்தது. மிகச் சின்ன ஊர்களுக்கென்று நான்காவதாக ஒரு வகுப்பும் முளைத்தது. தொழிலாளர் அமைச்சர் வி.வி.கிரி இதற்கு உடன்படாமல் பதவியையே விட்டார். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான். குமாஸ்தா சம்பளத்துக்காக நாற்காலியை விட்டவர்! பிறகு கஜேந்திரகட்கர் கமிஷன் விசாரித்து, 1955-ல் சட்டம் வந்துதான் விஷயம் அடங்கியது.

இப்போது? பஞ்சப்படி நாடு முழுக்க ஒன்று. சிம்லா லேபர் பீரோவின் அகில இந்திய விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் காளிகாட்டிலும் ஏறும், கும்பகோணத்திலும் ஏறும். அந்தக் குறியீட்டில் ஊர்வாரியாகவும் எண் உண்டே, அதை வைத்து ஒப்பிடலாமே என்பீர்கள். முடியாது. 2016-ல் ஒவ்வொரு ஊரின் விலையையும் 100 என்று வைத்துத் தொடங்குகிறார்கள். வாடகை அதிகமான ஊரும் 100, குறைவான ஊரும் 100. அதற்குப் பிறகு எந்த ஊரில் விலை வேகமாக ஏறியது என்றுதான் அது சொல்லும். எந்த ஊர் மலிவு என்று சொல்லாது. ஜுரம் எவ்வளவு ஏறியது என்று தெரியும், ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது, அப்படி. நாடுகளை ஒப்பிட ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 1968-ல் தனியாகவே ஒரு திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

சரி, அம்மாவுக்கு என்ன பதில்?

நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். கடுகெண்ணெயில் சமைத்து, உருளைக்கிழங்கும் பரவலும் சாப்பிட்டால் இந்த ஊரில் சம்பளம் தாராளமாக நீளும். நல்லெண்ணெய், நல்ல ஃபில்டர் காபிப்பொடி, முருங்கைக்காய் என்று லேக் மார்க்கெட்டுக்குப் பை தூக்கினால் மாசக் கடைசியில் சுருங்கிவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு டிக்கெட் போட்டால் இன்னும் சுருங்கும். எந்தத் தீர்ப்பாயமும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஊரை வகுப்பு பிரித்தார்கள், ஊரை விட்டு வந்தவனுக்கு வகுப்பு இல்லை.

மேஜையில் டிரான்ஸ்பர் விண்ணப்பம் கிடக்கிறது. சென்னை கேட்டால் வாடகை என் இப்போதைய வாடகையைப் போல இரண்டு மடங்கு. வீட்டு வாடகைப்படி அந்த அளவுக்கு ஏறாது. எக்செல்லில் போட்டுப் பார்த்தால் காளிகாட்தான் ஜெயிக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

நாளைக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.