கோவையா, திருச்சியா? ஓய்வுக்குப் பின் ஊர் தேடுவோருக்கு ஒரு வரலாற்றுக் கணக்கு

1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி திருச்சிராப்பள்ளியில் 1,04,721 பேர் இருந்தார்கள். கோயம்புத்தூரில் 53,080 பேர். அதாவது திருச்சியில் பாதிதான் கோவை. 110 ஆண்டுகள் கழித்து 2011-இல் எடுத்த கணக்கில், சுற்றுப்புறங்களையும் சேர்த்து, கோவையில் சுமார் 21 லட்சம் பேர், திருச்சியில் சுமார் 10 லட்சம் பேர். கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, "கோவையில் வீடு பார்க்கலாமா, திருச்சியில் பார்க்கலாமா?" என்பது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெயிலைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். பதிலுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்வேன். ஒரு ஊருக்கு மக்கள் ஏன் வந்தார்கள், இன்னொரு ஊர் ஏன் நிதானமாக வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால், அறுபது வயதுக்கு மேல் எங்கே தங்கலாம் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வெயில் கதையை முதலில் முடித்துவிடுவோம். இரண்டுமே வெப்ப ஊர்கள்தான். கோவையைக் குளிர்ப் பிரதேசம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தால், பங்குனி, சித்திரையில் ஒரு மதியம் உக்கடம் பேருந்து நிலையத்தில் நின்று பார்க்கட்டும். ஆனாலும் வித்தியாசம் உண்டு. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. திருச்சி 100 மீட்டரைக்கூட எட்டாது. கோவைக்கு மேற்கே தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விலகி வழி விடுகிறது. வைகாசி பிறந்து கேரளத்தில் மழை நெருங்கும்போது அந்தக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிடும். அதனால் கோவைக்குக் கடுமையான வெயில் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம்தான். திருச்சிக்கு அந்தக் கணவாய்க் காற்றின் குளிர்ச்சி போய்ச் சேருவதில்லை. கத்திரி முடிந்தும் ஆனி, ஆடி வரை புழுக்கம் நீளும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை.

இந்த வித்தியாசத்தை வெள்ளைக்காரர்களும் 200 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். கோவை மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மேல் ஏறினார். அப்போது நீலகிரி கோவை மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் ஊட்டியில் வீடு கட்டி, ஏரி வெட்டி, ஊரை உருவாக்கியது எல்லோரும் அறிந்த கதை. கோவையில் இருந்தவருக்குத் தப்பிக்க ஒரு மலை பக்கத்திலேயே இருந்தது. திருச்சி தண்டில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சியில், காலை வழிபாட்டுக் கடமைகளை முடித்துவிட்டுக் குளிக்கப் போனவர், குளத்திலேயே இறந்துபோனார். வயது 42. அங்கே புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். திருச்சியின் பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

வெயிலில் கோவைக்குத்தான் அனுகூலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1901-இல் ஏன் கோவை பாதி ஊராக இருந்தது? காரணம் தண்ணீர்.

திருச்சி காவிரிக் கரையில் இருக்கிறது. கோவைக்கு நொய்யல் இருந்தாலும் அது மழைக்கால ஆறு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் என்று முன்னோர்கள் நொய்யல் வழியில் குளங்களை வெட்டி வைத்திருந்தார்கள். அவை பாசனத்துக்கு உதவின. ஆனால் ஊருக்குள் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். இன்றைக்கும் கோவை வீடுகளில் "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று பிரித்துப் பேசும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். வெளியூரிலிருந்து குடிவருபவர்களுக்கு இந்த இரட்டைக் குழாய் முதலில் புரியாது.

தண்ணீர்ப் பஞ்சத்தோடு பிளேக்கும் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். கோவையில் இன்றும் பல இடங்களில் 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இருக்கின்றன. ஒரு நோயின் பெயர் அம்மனின் பெயராகிப்போன அளவுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது.

அந்த ஊரைக் குடியிருக்கத் தகுந்த ஊராக மாற்றியது சிறுவாணி. மேற்கே மலைக்குள் இருந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவரலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியும் பேசியும் வந்தவர் சேலம் பகடால நரசிம்மலு நாயுடு. பத்திரிகையாளர், எழுத்தாளர். யோசனை நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் பணி நடந்து, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் ஊருக்கு வந்தது. நெரிசலான பழைய ஊருக்கு மேற்கே, நேரான அகலத் தெருக்களோடு எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் ஆர்.எஸ்.புரம். இன்று ஓய்வு பெற்றவர்கள் ஆசையோடு கேட்கும் ஆர்.எஸ்.புரம், தண்ணீர் கொண்டுவந்தவரின் பெயரைத் தாங்கிய பேட்டை என்பதை மறக்கக் கூடாது. அதே 1930களில் பைக்காரா மின்சாரமும் வந்தது. பஞ்சாலைகள் பெருகின, கூடவே மோட்டார் பட்டறைகள், பம்புசெட்டுத் தொழிற்சாலைகள். மக்கள்தொகைக் கணக்கு தலைகீழாகத் திரும்பியது அங்கேதான்.

ஆனால் சிறுவாணி வேறு மாநிலத்துத் தண்ணீர். இப்போதிருக்கும் அணை கேரள எல்லைக்குள் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1973-இல் இரு மாநில அரசுகளும் செய்துகொண்ட 99 ஆண்டு ஒப்பந்தத்தின்படிதான் தண்ணீர் வருகிறது. 2016-இல் மழை பொய்த்து, 2017 கோடையில் அணை வற்றிப்போனதைப் பார்த்தோம். பில்லூரிலிருந்து பவானித் தண்ணீர் வருவதால் ஊர் சமாளித்தது. ஆகவே கோவையில் வீடு பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இந்தத் தெருவுக்குச் சிறுவாணியா, பில்லூரா? எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள்?" என்பதுதான். சதுர அடி விலையை அப்புறம் கேட்கலாம்.

திருச்சிக்குத் தண்ணீர்க் கவலை வேறு வகை. காவிரி கொடுக்கவும் செய்யும், மிரட்டவும் செய்யும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைத் தாத்தா காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1977 நவம்பரில் புயல் மழையால் திருச்சி நகரத்துக்குள் வெள்ளம் புகுந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில 2018 ஆகஸ்டில் அடித்துக்கொண்டு போயின. திருச்சியில் வீடு பார்ப்பவர், "1977-இல் இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்க வேண்டும். வீடு விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

அடுத்தது ஊரின் குணம். கோவையை வளர்த்தது முதலாளிகள், பட்டறைக்காரர்கள். திருச்சியை வளர்த்தது ரயிலும் அரசாங்கமும். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. 1928-இல் பொன்மலைப் பணிமனை வந்தது. 1960களில் பெல் நிறுவனம், பிறகு துப்பாக்கித் தொழிற்சாலை. அதனால் திருச்சியில் பென்ஷன்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் நடைபோகும்போது பக்கத்தில் வருபவரும் பென்ஷன்காரராக இருப்பார். அகவிலைப்படி பற்றிப் பேச ஆள் தேட வேண்டாம். மாநிலத்தின் நடுவில் இருப்பதால் எந்தத் திசைக்கும் ரயில் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தால் நேராகத் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கலாம்.

கோவையின் பலம் மருத்துவம். தொழிலில் சம்பாதித்த குடும்பங்கள் அறக்கட்டளை வைத்து மருத்துவமனை கட்டினார்கள். குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952-இல் வந்தது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-இல் தொடங்கியது. ராமகிருஷ்ணா, பி.எஸ்.ஜி. என்று வரிசை நீண்டது. திருச்சியிலும் 1934 முதல் இயங்கும் ஜோசப் கண் மருத்துவமனை போன்ற பழைய நிலையங்கள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி 1997-இல்தான் வந்தது. இதய அறுவைக்கும் மூட்டு மாற்றுக்கும் கரூர், ஈரோடு, பாலக்காட்டிலிருந்தெல்லாம் மக்கள் கோவைக்கு வருவது இந்தப் பழைய அடித்தளத்தால்தான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். காற்று நன்றாக இருக்கிறது, மலை தெரிகிறது என்று தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் மலையடிவாரத்தில் வீடு வாங்கியவர்கள் நிறைய. அந்தப் பக்கம் யானை வரும். அதைவிட முக்கியம், இரவு 2 மணிக்கு நெஞ்சு வலித்தால் அவினாசி சாலை மருத்துவமனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஊரில் நல்ல மருத்துவமனை இருப்பது வேறு, நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வேறு.

பழைய காலத்தில் முதுமைக்கு ஊர் தேடியவர்கள் மருத்துவமனையைப் பார்க்கவில்லை, க்ஷேத்திரத்தைப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கம் பூலோக வைகுண்டம். ராமானுஜர் கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான். இங்கே நம் பேரூர் முக்தித் தலம். பிறவாப் புளி, இறவாப் பனை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்றும் ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிகளில் பாதி முதியவர்கள்தான். தூரத்திலிருந்து பார்த்தால் இது பக்தி மட்டும்போலத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால், கோயில் என்ற ஓர் இடத்துக்குத் தினமும் நடந்து போவது, நான்கு பேரைப் பார்ப்பது, ஒருநாள் வராவிட்டால் "மாமியைக் காணோமே" என்று யாராவது விசாரிப்பது, இதுதான் அந்த ஊரின் உண்மையான வசதி. மலையடிவாரத் தனி வீட்டில் அந்த விசாரிப்பு கிடைக்காது. வடவள்ளி, பேரூர் மாதிரி கடையும் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருக்கும் இடங்களில் கிடைக்கும்.

என் சம்பந்தி கரூர்க்காரர். கரூர் தாலுகா 1910 வரை கோவை மாவட்டத்தில் இருந்து, பிறகு திருச்சி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. அதனால் அவர்களுக்கு இரண்டு ஊரும் சொந்த ஊர் மாதிரி. பையன் சிங்கப்பூரில். போன வருடம் ஓய்வு பெற்றதும் இதே கேள்வி வந்தது. அவருக்குக் கோவைக் காற்று வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு ஸ்ரீரங்கம். மாதக்கணக்கில் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் அந்தம்மா ஒன்று கேட்டார்கள்: "ஏனுங்க, ரெண்டு பேரும் இருக்கறப்ப எங்கிருந்தாலும் ஓடிப்போயிருமுங்க. ஒருத்தர் மட்டும் மிஞ்சினா, அந்த ஒருத்தரு எந்த ஊர்ல இருக்கோணும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வெயில் பேச்சே எழவில்லை. அவருக்குக் கார் ஓட்டத் தெரியும், அந்தம்மாவுக்குத் தெரியாது. மலையடிவார வீட்டில் அவர் தனியாக இருந்துவிடுவார், அந்தம்மாவால் முடியாது. ஸ்ரீரங்கத்தில் அந்தம்மா இருந்துவிடுவார்கள். இவருக்கு அங்கே பேச ஆள் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம். வீடு வாங்க வேண்டாம், முதலில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தையும் பாருங்கள் என்று சொன்னேன். தை மாதம் குடிபோனார்கள்.

கோவையா திருச்சியா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெயிலுக்கு மின்விசிறி இருக்கிறது, தேவைப்பட்டால் ஏசி இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மருத்துவமனை எத்தனை நிமிடம், நடந்து போக ஓர் இடம் உண்டா என்று மூன்றையும் எழுதிப் பாருங்கள். எழுதும்போது தம்பதியாக இருவருக்கும் சேர்த்து எழுதாதீர்கள். அவருக்கு ஒரு தாள், அந்தம்மாவுக்கு ஒரு தாள். இரண்டு தாளிலும் ஒரே ஊர் வந்தால் அங்கே வீடு வாங்கலாம். வராவிட்டால், இருவரில் வண்டி ஓட்டத் தெரியாதவரின் தாளில் உள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள்.