கிராஃபீனுக்கு எழுபது ஆண்டுகள் முன்பு: கே. எஸ். கிருஷ்ணனின் கிராஃபைட் ஆய்வு

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் உரித்து, ஓரணுத் தடிமனே உடைய கார்பன் தாளைப் பிரித்தெடுத்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. 2010இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கிராஃபீனின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே சொல்லப்படுகிறது. ஆயினும் அத்தகைய அடுக்குக்குள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு இயங்குகின்றன என்னும் வினாவின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது.

வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் உடனுழைத்தவர். டாக்காவில் பணியாற்றிய பின், 1933இல் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்குத் திரும்பினார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்ப முயலும் விசையைக் கொண்டு, திசைக்குத் திசை மாறும் காந்தப் பண்பை அளக்கும் முறையில் அவர் தேர்ந்திருந்தார்.

கிராஃபைட் படிகத்தின் காந்தத் திசைவேறுபாட்டைப் பற்றி 1934இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் கிராஃபைட்டின் டயாகாந்தத் தன்மை, அடுக்குத் தளத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு மிகுதி. பொடியாக்கி அளந்தால் இவ்வேறுபாடு சராசரியில் மறைந்துவிடும். ஒற்றைப் படிகத்தை எடுத்துக்கொண்டதே அவருடைய நுட்பம்.

அடுக்குக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், அடுக்குகளுக்கிடையே 0.335 நானோமீட்டர். எலெக்ட்ரான்கள் தளத்துக்குள் தங்குதடையின்றி இயங்குகின்றன, குறுக்கே தாவுவது மிக அரிது என்னும் முடிவுக்குக் கிருஷ்ணனும் என். கங்குலியும் வந்தனர். 1941இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான கட்டுரை இதை விரித்துரைத்தது. இருபரிமாண எலெக்ட்ரான் வாயு என்று பின்னாளில் அழைக்கப்பட்ட கருத்துக்கு இது மிக நெருங்கியது.

ஆனால், கிராஃபீனைக் கண்டறிந்தவரே கிருஷ்ணன்தான் என்று உரிமை கொண்டாடுவது அவருடைய உண்மையான பணியையே மங்கச் செய்யும். தனித்தாளை அவர் பிரிக்கவில்லை. எலெக்ட்ரான்களைச் சாதாரண உலோகத்தில் உள்ளவற்றைப் போலவே கருதினார். ஓரடுக்கில், ஆற்றல் பட்டைகள் தொடும் புள்ளியின் அருகே, ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதை 1947இல் கணக்கிட்டுக் காட்டியவர் பி. ஆர். வாலஸ். அதன்மேல் நின்று, கிராஃபைட்டின் மிகு டயாகாந்தத்துக்கு 1956இல் புதிய விளக்கம் தந்தார் ஜே. டபிள்யூ. மக்ளூர்.

கிருஷ்ணனின் விளக்கம் இவ்வாறு திருத்தப்பட்டது. அவர் சுட்டிக்காட்டிய திசைவேறுபாடோ நிலைத்து நின்றது, பின்வந்த கோட்பாடுகளுக்கு உரைகல்லும் ஆயிற்று. ஒற்றைக் கிராஃபீன் தாளிலேயே அந்த டயாகாந்தத்தை பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டது 2021இல்தான்.